எஸ்தர் பெரலின் ‘வேர் ஷுட் வீ பிகின்?’: ஒலித்தொடர் மதிப்புரை

தம்பதியரின் பிணக்கைத் தீர்த்துவைக்கும் ஓர் உளவியல் சிகிச்சையாளரின் அறையில் என்ன நடக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை, தெரியவும் கூடாது. நியூயார்க்கில் அத்தகைய சிகிச்சையாளராகப் பணிபுரியும் எஸ்தர் பெரல் 2017-இல் ஆடிபிள் என்ற ஒலிநூல் தளத்தின் வழியாகத் தொடங்கிய இந்த ஒலித்தொடர், பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் நீக்கிவிட்டு, உண்மையான தம்பதியரின் குரல்களை நமக்குக் கேட்கத் தருகிறது. இவர்கள் அவரிடம் தொடர்ந்து சிகிச்சை பெறுபவர்கள் அல்லர். ஒரேயொரு அமர்வுக்கு இசைந்து வந்தவர்கள்.

ஆலோசகர் என்றதும் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுத் தலையசைக்கும் ஒருவரைத்தான் பலரும் எதிர்பார்ப்பார்கள். பெரல் தயங்காமல் குறுக்கிடுகிறார். ஒருவர் பழைய குற்றச்சாட்டையே மறுபடியும் அடுக்கத் தொடங்கினால், அதன் நியாயத்தை ஆராயாமல், அதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் என்ன ஆகிறார் என்பதன்மீது கவனத்தைத் திருப்புகிறார். ஓர் அமர்வில், நெருக்கம் வற்றிப்போன கணவரை, வேறொருவராகத் தம்மைக் கற்பித்துக்கொண்டு பிரெஞ்சு மொழியில் பேசச் சொல்கிறார். அதுவரை தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்த குரல், மொழி மாறியதுமே நிமிர்ந்துவிடுகிறது. பொருள் புரியாதவர்களுக்கும் அந்த மாற்றம் காதில் விழும்.

1958-இல் பெல்ஜியத்தில், நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிய போலந்து யூதப் பெற்றோருக்கு மகளாகப் பிறந்து, ஆண்ட்வெர்ப் நகரில் வளர்ந்தவர் பெரல். தொழில் வாழ்க்கையின் தொடக்கத்தில் பண்பாடும் மதமும் கலந்த குடும்பங்களோடு பணியாற்றியவர். பாதுகாப்பும் அணுக்கமும் கூடுவதாலேயே வேட்கையும் கூடிவிடாது என்று 2006-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டவர். இந்தப் பின்னணி அமர்வுகளில் தெளிவாகத் தெரிகிறது: துரோகத்தைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ பேச்சு எழுந்தாலும், இருவரும் எந்த வீட்டில், எப்படிப்பட்ட அன்பைப் பார்த்து வளர்ந்தார்கள் என்ற கேள்விக்கு அவர் வந்துவிடுகிறார். சில வேளைகளில் சற்று விரைவாகவே வந்துவிடுகிறார் என்பது என் எண்ணம்.

அமர்வின் நடுநடுவே, ஒரு கேள்வியை ஏன் கேட்டோம், ஏன் ஒன்றைக் கேட்காமல் விட்டோம் என்று அவர் தனியாக விளக்கும் பகுதிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உளவள ஆலோசனை பயில்வோருக்கு இவை பாடப்புத்தகத்தில் எளிதில் கிடைக்காதவை. ஆனால் பல மணி நேரம் நீளும் உரையாடல், தொகுப்பில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. தடுமாற்றங்களும் சலிப்பும் எவ்வளவு வெட்டப்பட்டன என்பதைக் கேட்பவர் அறிய வழியில்லை. இருவரும் வீடு திரும்பிய பிறகு என்ன ஆயிற்று என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆகவே இதைச் சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்வது தவறு. சிகிச்சைக்குப் போகலாமா என்று தயங்குவோரின் அச்சத்தைக் குறைக்க இது உதவும்.

பிற்காலத்தில் தனிநபர்களுடன் தொலைபேசியில் பேசும் பகுதிகளும் சேர்ந்தன. அவற்றில் ஒரு தரப்பின் குரல் மட்டுமே ஒலிப்பதால், முதல் பருவத்தின் அடர்த்தி இல்லை. இப்போது வழக்கமான பாட்காஸ்ட் செயலிகளிலேயே தொடர் கிடைக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் முதல் பருவத்திலிருந்தே தொடங்கலாம்.