கியூர்பிப் ஈரத்தில் ஒரு மூட்டுப் பொம்மை: பல வருஷப் பழக்கத்தில் சொல்வது

மூட்டுப் பொம்மை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வெயில் படாத அலமாரி இருக்கிறதா?" என்றுதான். பணக் கணக்கு அப்புறம்.

என்னிடம் இருப்பது 43 செ.மீ. உயரம், அதாவது ஆளில் கால் பங்கு. உடம்பு பாலியூரித்தேன் ரெசின். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் தனித்தனித் துண்டு. உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறுதான் அத்தனையையும் இழுத்துப் பிடிக்கிறது. ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் 1999-இல் சூப்பர் டால்ஃபி என்று கொண்டுவந்த பிறகு பரவிய வகை இது. இப்போது கொரியாவிலும் சீனாவிலும் நிறையப் பேர் வார்க்கிறார்கள்.

நான் இருப்பது மொரீஷியஸின் கியூர்பிப் ஊரில். தீவில் எங்கே வெயில் அடித்தாலும் இங்கே தூறும் என்பார்கள். இரண்டு வாரம் தொடாத தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும் ஊர். ஆனால் ரெசினை ஈரம் ஒன்றும் செய்யவில்லை. வெளிச்சம்தான் அதற்கு எமன். புற ஊதாக் கதிர் பட்டால் ரெசின் மஞ்சளிக்கும், அதைத் திருப்ப முடியாது. ஜன்னல் கண்ணாடி தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதிரில் ஒரு பகுதி கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். இருட்டில் வைத்தாலும் மெதுவாக நிறம் மாறத்தான் செய்யும். நான் மாநிறப் பொம்மை எடுத்ததில் ஒரு வசதி, அந்த மாற்றம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. பதிலுக்கு, சின்னக் கீறல் விழுந்தாலும் வெளுப்பாகக் காட்டிக்கொடுக்கும். இருந்தாலும் எனக்கு மாநிறம்தான். வெள்ளைப் பொம்மைக்குப் புடவை கட்டினால் ஏனோ சுற்றுலா வந்தவள் மாதிரியே இருக்கிறாள்.

ஈரம் கைவைப்பது முகப்பூச்சில். கண் இமை, புருவம், உதடு எல்லாம் பாஸ்டல் தூளாலும் அக்ரிலிக் வண்ணத்தாலும் எழுதி, மேலே மங்கல் வார்னிஷ் ஸ்பிரே அடிக்கிற வேலை அது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் ஸ்பிரே வெள்ளையாகப் பூத்து, முகம் புகைமூட்டமாகிவிடும். அதனால் தலையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, மழை குறைந்த குளிர் மாதங்களில் ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் அடித்துவிட்டு வருகிறேன். மேற்குக் கரை நம் மேட்டு நிலத்தைவிட எவ்வளவோ காய்ந்தது. ஸ்பிரேக்கு நச்சு வாயுவைத் தடுக்கும் முகமூடி கட்டாயம்; சாதாரணத் துணி மாஸ்க் போதாது. ரெசினைத் தேய்ப்பதானால் தண்ணீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், தூள் மூச்சில் போகக்கூடாது.

எலாஸ்டிக் கொஞ்ச வருஷத்தில் தளர்ந்துவிடும். நிற்க வைத்தால் முழங்கால் மடங்குவதுதான் அடையாளம். மாற்றுவது கஷ்டமில்லை. கணுக்கால் பக்கம் கயிற்றை இழுத்து, வளையத்துக்குள் ஒரு பென்சிலைக் குறுக்கே செருகிவிட்டால் உள்ளே ஓடிப்போகாது. பிறகு நிதானமாகப் பாதத்தில் இருக்கும் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டலாம். தலைமுடியில் மொஹேர் என்கிற ஆட்டு ரோமம் அழகுதான், ஆனால் இந்த ஊர் ஈரத்துக்குப் பஞ்சாகப் பறக்கிறது. நான் செயற்கை முடிக்கு மாறி நிம்மதியானேன்.

இனி உடுப்பு. பொம்மை வாங்குவது ஒரு தடவைச் செலவு, உடுப்புதான் தீராத வேலை. ரெசினுக்குச் சாயம் ஏறும். கறுப்பு, சிவப்பு, ஊதா எல்லாமே ஆபத்து. நம் ஊரில் அதைவிடப் பெரிய ஆபத்து காவடிக்கு உடுத்தும் அடர் ரோஸ். தைப்பூசம் நெருங்கினால் என் அக்கா மகள் விடமாட்டாள்: "சித்தி, இவளுக்கும் காவடி உடுப்பு தைச்சுக் கொடுங்க." காத்ர் போர்ன் சந்தையில் அந்த அடர் ரோஸ் துணி மலிவாகக் கிடைக்கும், தண்ணீரில் போட்டால் பீட்ரூட் சாறுதான். அலச அலச வரும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். கடைத் துணியில் அது பலித்து நான் பார்த்ததில்லை. நான் செய்வது இதுதான்: துணியை நனைத்து, அடியில் வெள்ளைப் பருத்தித் துண்டு வைத்து, சூடாக இஸ்திரி போடுகிறேன். வெள்ளையில் ரோஸ் இறங்கினால் அந்தத் துணி நேராக உடம்பில் படக்கூடாது. வெள்ளை உள்பாடி, வெள்ளைப் பாவாடை போட்டு அதன்மேல் உடுத்தி, கோயிலிலிருந்து வந்த அன்றைக்கே கழற்றிவிடுகிறோம். தைப்பூசம் வருவதே புழுக்கமும் புயலுமான காலத்தில் என்பதால் கூடுதல் பயம். மஞ்சள், குங்குமத்துக்கும் இதே விதி. லேசான கறையை மெலமைன் ஸ்பாஞ்ச் எடுக்கும், ஆனால் முகத்தில் வைக்காதீர்கள், புருவமும் சேர்ந்து போய்விடும்.

புடவை தனிக் கதை. ஐந்தரை மீட்டர் புடவையை நாலால் வகுத்தால் ஏறக்குறைய 1.4 மீட்டர் நீளம், 29 செ.மீ. அகலம் வருகிறது. கணக்கு சரி, கட்டினால் சரியாக வராது. நீளமும் அகலமும் கால் பங்கானாலும் துணியின் தடிமன் அப்படியேதானே இருக்கிறது! கொசுவம் வைத்த இடத்தில் வயிறு முட்டிக்கொண்டு நிற்கும். நீளத்தை 1.1 மீட்டராகக் குறைத்து, மூன்று நான்கு மடிப்போடு நிறுத்திவிடுகிறேன். பழைய பட்டுப் புடவையை வெட்டினால் நாலு விரல் கரை பொம்மையின் கெண்டைக்காலில் பாதிக்கு மேல் ஏறும். எனக்குக் கைகொடுத்தது, துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டி. ஒரு விரல் ஜரிகைக் கரை, மெல்லிய நூல், சாயப் பயமே இல்லை. மடிப்பைத் தண்ணீர் தெளித்து, கிளிப் போட்டு, மேசையில் வைத்தே இஸ்திரி செய்து, இடுப்புப் பக்கம் இரண்டு தையல் போட்டுவிடுங்கள். பொம்மை மேல் வைத்து இஸ்திரி போடவே கூடாது.

ஜாக்கெட்டுக்குக் கை நுழைவதுதான் சிக்கல். விரல்கள் விரிந்தபடி வார்க்கப்பட்டவை, ஜாக்கெட்டின் இறுக்கமான கைக்குள் போகாது. பொம்மையின் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். அதற்கும் மசியாவிட்டால் மணிக்கட்டை இழுத்து, கொக்கியிலிருந்து கையையே கழற்றி, எலாஸ்டிக்கில் ஒரு ஹேர்பின்னைச் செருகி வைத்துவிட்டு ஜாக்கெட்டை ஏற்றலாம். முதுகில் வெல்க்ரோ வேண்டாம், முடியைப் பிய்த்துவிடும். சின்ன பிரஸ் பட்டன் போதும்.

குழந்தை விளையாட வாங்குவதாக இருந்தால் இது வேண்டாம். தரையில் விழுந்தால் விரல் ஒடியும், அழுகை இரண்டு பக்கமும் வரும். அக்கா மகள்கூட என் பக்கத்தில் உட்கார்ந்துதான் உடுத்துகிறாள், அவள் தூக்கிக்கொண்டு திரிய ஒரு துணிப் பொம்மை தனியாக இருக்கிறது.