காமெடியன் பெயரைக் கேட்டுக் கூட்டம் வந்தது, விழாவை நடத்தியது ஆர்ஜே

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் 160 வீடு. சென்னையில், மேடவாக்கம் பக்கம். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் எங்கள் பொருளாளரே மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார் என்பதால், இந்தத் தடவை வெளியிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்று கமிட்டியில் முடிவாகி, அந்த வேலை என் தலையில் விழுந்தது. டிவி காமெடியன், எஃப்எம் ஆர்ஜே, மிமிக்ரி, மேஜிக் என்று யார் வேண்டுமானாலும் ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். பெயர் போடவில்லை, பாக்கிப் பணம் இன்னும் பேச்சில் இருக்கிறது.

போனில் சொன்னது 95,000. பில்லில் 18% ஜிஎஸ்டி ஏறி 1,12,100. அதில் காமெடியனுக்கு 60,000, தொகுத்து வழங்க ஒரு ஆர்ஜேவுக்கு 20,000, மீதி தங்களுக்கு என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். பாட்டுப் போட லைசென்ஸ் யார் வாங்குவது என்று கேட்டதற்கு மட்டும் பதில் இழுத்தது. கல்யாணத்துக்கும் ரிசப்ஷனுக்கும் பதிப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு உண்டு, 2023 ஜூலையில் மத்திய அரசு அதை மறுபடி அறிவிப்பாகவே வெளியிட்டது. ஆனால் எங்கள் விழா கல்யாணம் இல்லையே. கடைசியில் அது எங்கள் பொறுப்பு என்றார்கள். இதை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆர்ஜே விழாவுக்கு மூன்று நாள் முன்பே தானாகக் கூப்பிட்டார். பரிசு வாங்குபவர்களின் பெயர் எல்லாம் கேட்டார், ஒரு வங்காளிக் குடும்பத்தின் பெயரை இரண்டு தடவை உச்சரிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். அப்புறம், “சார், சமீபத்துல யார் வீட்லயாவது துக்கம் நடந்திருக்கா?” என்றார். நான் ஒரு நிமிஷம் அசந்துவிட்டேன். சி பிளாக்கில் ஒரு தாத்தா போய் இருபது நாள்தான் ஆகியிருந்தது, அந்தப் பாட்டி மாடி பால்கனியில் நின்று விழாவைப் பார்ப்பார் என்று எங்களுக்கே தோன்றவில்லை. அன்றைக்கு சி பிளாக்கை வைத்து ஒரு கிண்டல்கூட வரவில்லை. ஆறரை மணி விழாவுக்கு ஐந்து மணிக்கே வந்து, கார்ட்லெஸ் மைக்கில் பேட்டரியை மாற்றச் சொல்லி, ஸ்பீக்கருக்கு முன்னால் எதுவரை நடந்தால் ‘கொய்ங்’ என்று கத்துகிறது என்று நடந்து பார்த்து, அந்த இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டார்.

காமெடியன் எட்டு மணிக்கு வரவேண்டியவர். வந்தது ஒன்பதே கால். அந்த ஒன்றேகால் மணி நேரத்தையும் ஆர்ஜே ஒருவராகவே இழுத்தார்: வாட்ச்மேன் அண்ணனை மேடைக்கு அழைத்து எந்த வீட்டு ஸ்விகி பார்சல் அதிகம் வருகிறது என்று கேட்டார் (பி பிளாக் முழுக்க கை தட்டியது, மாட்டியது நான்), பசங்களை வைத்து அந்தாக்ஷரி நடத்தினார். ரேடியோவில் நாலு விநாடி சத்தம் இல்லாவிட்டால் நேயர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுவார், அந்தப் பயம் இவர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது போல.

அப்புறம் காமெடியன் வந்தார். விசில், செல்ஃபி, எல்லாம் சரி. எங்கள் அப்பார்ட்மென்ட் பெயரைத் தப்பாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார். எம்.ஜி.ஆர்., நம்பியார், விஜயகாந்த், டி.ராஜேந்தர் என்று வழக்கமான வரிசை, குரல் அச்சு அசல், அதில் குறை சொல்லமாட்டேன். நடுநடுவே மனைவி குண்டு, மாமியார் கறுப்பு என்று யூடியூபில் எல்லாரும் பார்த்த அதே ஜோக். என் பக்கத்தில் இருந்த டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு போனை எடுத்துக்கொண்டார், அவர் மகள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தே போய்விட்டாள். பேசி வைத்தது 45 நிமிஷம், நடந்தது 25.

டிவியில் ஒரு ரவுண்டு பத்து நிமிஷம், எடிட்டிங் உண்டு, நடுவர் சிரிப்பதைக் க்ளோசப்பில் காட்டுவார்கள். திறந்த மைதானத்தில் பசியோடு உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேரை முக்கால் மணி நேரம் பிடித்து வைப்பது வேறு வேலை. சிவகார்த்திகேயன் மாதிரி மிமிக்ரியில் வந்து தொகுப்பாளராகவும் நின்று காட்டியவர்கள் உண்டு, அதற்காக மிமிக்ரி வருகிற எல்லாருக்கும் அது வந்துவிடாது. எங்கள் பெரியவர்கள் கேட்டபடி ஒரு பட்டிமன்றக் குழுவையே கூப்பிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு நான்தான் “அது தீபாவளி டிவி சமாச்சாரம்” என்று தட்டிக்கழித்தேன்.

தாமதத்தால் அடிபட்டது பசங்கள்தான். ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் கூடாது, 2000-லிருந்தே விதி அது. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு ஆர்ஜே மைக்கை ஆஃப் செய்துவிட்டார். கடைசி இரண்டு டான்ஸ் குழுவுக்கு மேடை இல்லாமல் போனது, மயில் தோகை கட்டிக்கொண்டு நின்ற ஒரு குட்டிப் பெண் அதை அவிழ்க்கவே விடவில்லை, அப்படியே இட்லி சாப்பிட்டாள்.

நிறுவனத்திடம் கேட்டால் “ஆர்ட்டிஸ்ட்னா டிராஃபிக்ல லேட் ஆகும் சார்” என்கிறார்கள். நாங்கள் ஒரு லட்சம் கொடுத்துவிட்டோம், மீதி 12,100-ஐ நிறுத்தி வைத்திருக்கிறோம். எத்தனை மணிக்கு மேடை ஏறவேண்டும், எத்தனை நிமிஷம் பேசவேண்டும் என்று எழுதி வாங்காதது எங்கள் தப்பு. அடுத்த வருஷத்துக்கு ஆர்ஜேவை மட்டும் நேரடியாகக் கூப்பிடலாம் என்று பார்த்தால், ஒரு வருஷத்துக்கு நேரடி புக்கிங் கூடாது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. விழாவைப் பத்து நாள் தள்ளி வைத்தால் வருஷம் முடிந்துவிடும், கமிட்டியில் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.