பெயரா, பறவையா, சிக்குக் கோலமா: கையில் எதைக் குத்தலாம்?

பச்சை குத்துவது என்று முடிவான பிறகும், எதைக் குத்துவது என்பதில்தான் எனக்கு நாள் போனது. நுங்கம்பாக்கமோ பெசன்ட் நகரோ, டாட்டூ ஸ்டூடியோவில் முதலில் கையில் தருகிற ஆல்பத்தில் பெரும்பாலும் இவைதான் இருக்கும்: பெயர், சாமி முகம், சிங்கம், இறகிலிருந்து பிரிந்து பறக்கும் பறவைகள், முடிவிலிக் குறி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முன்கையில் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டேன்.

அர்த்தம் என்று பார்த்தால் எதுவும் சோடை இல்லை. சிங்கத்துக்கும் தாமரைக்கும் விளக்கமே தேவையில்லை. தகைவிலான் குருவி மேலை நாட்டு மாலுமிகளிடமிருந்து வந்தது. வலசை போனாலும் திரும்பி வந்துவிடும் பறவை என்பதால், கடல் போனவர் பத்திரமாக வீடு சேர்வதற்கு அது அடையாளம். அரைப்புள்ளி (;), 2013-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஓர் இயக்கத்தால் பரவியது. வாக்கியத்தை முடித்திருக்கலாம், ஆனாலும் தொடர்ந்து எழுதுகிறேன் என்று, தற்கொலை எண்ணத்தைத் தாண்டி வந்தவர்கள் குத்திக்கொள்வது. அதை வெறும் அழகுக்காகக் குத்திக்கொள்ள எனக்கு மனம் வராது.

சிக்குக் கோலத்தின் கோடு, புள்ளிகளை வளைத்து வளைத்துப் போய், தொடங்கிய இடத்திலேயே வந்து மூடிக்கொள்ளும். வாசலில் போட்டால் லட்சுமி வருவாள், கெட்டது அண்டாது என்பது நம்பிக்கை. தோலுக்கும் அது புதிதில்லை. ஊர் ஊராக வந்த குறத்திகள் நம் பாட்டிமார் கைகளில் குத்திய பச்சையில் கோலங்களும் உண்டு. ஜனவரியில் மயிலாப்பூர் விழா சமயத்தில் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியைப் போய்ப் பாருங்கள், எந்த ஆல்பத்திலும் இல்லாத வடிவங்கள் கிடைக்கும்.

இருந்தாலும் நான் கோலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், தோலில் அது எப்படி வயதாகும் என்பதுதான். மை தங்குவது மேல்தோலுக்கு அடுத்த அடுக்கில். அங்கே உள்ள எதிர்ப்பு செல்கள் அதை விழுங்கிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவை சாகும்போது விடுகிற மையை வேறு செல்கள் எடுத்துக்கொள்கின்றன. வருஷம் போகப் போக மை கொஞ்சம் பரவி, கோடு தடிக்கும். சாமி முகத்திலோ தலைவர் முகத்திலோ கண்ணிமையும் உதட்டு ஓரமும் மெல்லிய கோடுகள். அவை கலங்கினால் முகமே வேறு ஆளாகிவிடும். பொடி எழுத்தில் பெயர் குத்தினால் ‘ண’வின் சுழிகள் முதலில் அடைபடும். கோலத்திலோ எல்லாக் கோடும் ஒரே தடிமன், நடுவில் தாராளமான இடைவெளி. சேர்ந்து தடித்தாலும் உருவம் கெடாது. அதற்காகத்தான் சின்னதாகப் போடச் சொல்லாமல், கோடுகளுக்கு நடுவே நாலைந்து மில்லிமீட்டர் விடச் சொன்னேன்.

கோலத்தில் ஒரு சிரமம் உண்டு. ஒரு வளைவு கோணினாலும் பளிச்சென்று தெரியும். மணிக்கட்டைத் திருப்பினால் முன்கைத் தோலும் சேர்ந்து திரும்பும். அதனால் ஸ்டென்சில், அதாவது குத்துவதற்கு முன் தோலில் படத்தைப் பதிக்கிற தாள், ஒட்டும்போது கையை மேஜையில் மல்லாத்தி வைக்காமல், நின்றபடி இயல்பாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். என் கலைஞர் இரண்டு முறை துடைத்து மறுபடி ஒட்டிய பிறகே ஊசியை எடுத்தார்.

நிறத்தைப் பற்றி நான் அடித்துச் சொல்ல முடியாது, என்னுடையது முழுக்கக் கறுப்பு. ஆனால் மாநிறத் தோலில் மஞ்சளும் வெளிர் நிறங்களும் எடுப்பாகத் தெரிவதில்லை, மை இருப்பது நம் தோல்நிறத்துக்கு அடியில் அல்லவா. பைக்கில் போகிற கைக்குச் சென்னை வெயில் வேறு. வெயிலில் கறுப்புதான் அதிகம் தாங்கும். பின்னால் லேசரில் அழிக்க நினைத்தாலும் கறுப்புதான் சுலபம், பச்சையும் மஞ்சளும் மல்லுக்கு நிற்கும்.

பிள்ளையின் பெயரையோ அம்மாவின் பெயரையோ குத்திக்கொள்ள ஆசைப்படுகிறவரை நான் தடுக்க மாட்டேன். எழுத்தைப் பெரிதாக, கறுப்பில் போடுங்கள், அவ்வளவுதான்.

ராணுவம், துணை ராணுவப் படை வேலைக்குத் தயாராகிறவர்கள் மட்டும் முதலில் விதிகளைப் படித்துவிடுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அப்புறம், பச்சை குத்தினால் 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது. வழக்கமாகக் கொடுப்பவர் என்றால், ஒரு முறை கொடுத்துவிட்டு, உடம்பு தேறியதும் ஊசிக்குப் போகலாம்.