கையில் இரண்டு 10, ஆறு பேர் ஆட்டத்தில்: லிம்ப்பா, சின்ன ரெய்ஸா, பெரிய ரெய்ஸா?

புதுச்சேரியில் லாஸ்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ சனிக்கிழமை ராத்திரி ஏழெட்டுப் பேர் காசு வைக்காமல், காய்க்கு (சிப்புக்கு) மட்டும் போக்கர் ஆடும் மேசையில் ஃபிளாப்பை, அதாவது எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று கார்டை, பார்க்காமல் யாரும் விடமாட்டார்கள். ரம்மியில் முதல் டிராப்புக்கே 20 பாயிண்ட் போய்விடும். இங்கே கார்டு பிடிக்காவிட்டால் சும்மாவே பேக் பண்ணி விலகலாம், ஆனாலும் பண்ணமாட்டார்கள். இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் நிறுத்தும்வரை செல்போனில் ஆடிவந்தவர்களுக்கு இது புதிது. அங்கே பெரிய பிளைண்டைப்போல் (கார்டு பிரிக்குமுன் கட்டாயமாகப் போடும் காய்) இரண்டரை மடங்குக்கு ரெய்ஸ் வைத்து உயர்த்தினாலே பாதிப் பேர் விலகுவார்கள். இங்கே அதே ரெய்ஸுக்கு ஐந்து பேர் ‘சரி, பாத்துடுவோம்’ என்று காயைத் தள்ளுவார்கள். இந்தக் கூட்டத்தில் அதிகம் அடி வாங்குவது 8, 9, 10, ஜாக்கி ஜோடிகள்தான், அதாவது கையில் வரும் இரண்டு கார்டும் ஒரே எண்ணாக இருப்பவை.

எதிரில் ஏதோ ஒரு கையோடு ஒரே ஆள் இருந்து, கடைசி வரை போனால் 10 ஜோடி நூற்றுக்கு 75 தடவை ஜெயிக்கும். எதிரில் இரண்டு பேர் என்றால் சுமார் 58, மூன்று பேர் என்றால் 45, ஐந்து பேர் என்றால் 30. ஃபிளாப்பில் 10-ஐவிடப் பெரிய கார்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட 70 சதவீதம். ஜாக்கிக்கு அது 57, 9-க்கு 79, 8-க்கு 87. ஃபிளாப்பில் செட், அதாவது கையில் இருக்கும் ஜோடிக்கு மூன்றாவது கார்டு, அமைவது எட்டரை தடவைக்கு ஒரு தடவைதான்.

ஒரே நிலைமையை வைத்து மூன்று வழிகளையும் பார்ப்போம். பிளைண்ட் ஸ்மால் 5, பிக் 10. ஆளுக்கு 1000 காய். முன்னால் மூன்று பேர் லிம்ப் செய்துவிட்டார்கள், அதாவது ரெய்ஸ் வைக்காமல் பத்துப் பத்தாக மட்டும் போட்டு உள்ளே வந்துவிட்டார்கள். நீங்கள் பட்டனில், அதாவது ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில்; கையில் இஸ்பேட் 10, ஆர்ட்டின் 10. நடுவில், அதாவது பாட்டில், 45 காய் இருக்கிறது.

லிம்ப் செய்தால் செலவு பத்தே காய். ஸ்மால் பிளைண்டும் மிச்சத்தைப் போட்டால் ஆறு பேர், பாட் 60. செட் அமையாவிட்டால் நஷ்டமே தெரியாது. ஆனால் அமைந்தால்தான் இதன் குறை தெரியும். 60 காய் பாட்டிலிருந்து ஒரே ஒருவரிடம் மிச்சமுள்ள 990-ஐயும் வாங்க, ஃபிளாப், டர்ன் (நான்காவது பொதுக் கார்டு), ரிவர் (ஐந்தாவது) என்று மூன்று சுற்றிலும் பாட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பெட் வைக்கவேண்டும். அத்தனைக்கும் கால் பண்ண, அதாவது அதே அளவு போட்டுத் தொடர, எதிராளிக்கும் நல்ல கை வேண்டும். எட்டரை தடவைக்கு ஒரு தடவை வருகிற கை 200, 300 காயோடு முடிந்துபோகும்.

சின்ன ரெய்ஸ், அதாவது 30, மூன்றிலும் மோசம். ஆறு பேரும் வந்தால் பாட் 180. ஆறில் ஒரு பங்கு 17 சதவீதம், உங்கள் கைக்கு 30 இருக்கிறது, அப்படியானால் லாபம்தானே என்று தோன்றும். கடைசி வரை எல்லாரும் சும்மா கார்டைத் திருப்பினால் லாபம்தான். நடுவில் பெட் இருக்கிறதே. கிளாவர் ராணி, டைமன் 7, கிளாவர் 6 என்று ஃபிளாப் விழுந்து, முன்னால் ஒருவர் 100 வைத்து இன்னொருவர் கால் பண்ணினால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் அது தெரியாமல் பேக் பண்ணுவீர்கள். கூட்டம் குறையவில்லை, பாட் மட்டும் மூன்று மடங்காகிவிட்டது.

பெரிய ரெய்ஸுக்கு அளவு: ஐந்து பிளைண்ட், லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் மேலே ஒன்று. இங்கே 80. இரண்டு பேர் வந்தால் பாட் 265, உங்களிடம் மிச்சம் 920. இப்போது செட் அமைந்தால் மூன்று சுற்றிலும் பாதி பாட் பெட் வைத்தாலே முழு ஸ்டாக்கும் (கைவசக் காய் முழுவதும்) உள்ளே போய்விடும். செட் இல்லாமல் 9-6-2 மாதிரி விழுந்தாலும் எதிரில் இரண்டே பேர் என்பதால் 130 வைத்து ஆடலாம். 80-க்கும் நான்கு பேர் வருகிற மேசை என்றால் அடுத்த முறை 110 வையுங்கள். எத்தனை வைத்தால் இரண்டு பேர் மிஞ்சுவார்களோ அதுதான் அந்த மேசையின் விலை. முதல் அரை மணி நேரத்தில் அதைக் கவனித்துக்கொள்ளவேண்டும்.

ஆக, ஜாக்கி, 10 இரண்டுக்கும் எந்த இடத்திலும் பெரிய ரெய்ஸ். ஸ்மால் பிளைண்டில் என்றால் 80 போதாது, 100. ஃபிளாப்புக்குப் பிறகு முதலில் பேசவேண்டியவர் நீங்கள். 9 பட்டனில் இருந்தால் ரெய்ஸ், பிளைண்டில் இருந்தால் லிம்ப். 8-ம் அதற்குக் கீழும் லிம்ப்தான்.

ரெய்ஸ் எண்ணி வைத்தும் கெடுவது ஒன்று உண்டு. வாயைத் திறக்காமல் 100 மதிப்புள்ள ஒரே காயைத் தூக்கிப் போட்டால் அது ரெய்ஸ் ஆகாது, வெறும் கால். இரண்டு தவணையாகக் காயைத் தள்ளினாலும் முதல் தவணைதான் செல்லும். ‘ரெய்ஸ், எண்பது’ என்று சொல்லிவிட்டுக் கையை நகர்த்துங்கள்.

ஃபிளாப்பில் பெரிய கார்டு ஒன்று விழுந்து, முன்னால் இருவரும் பெட் வைக்காமல் செக் பண்ணினால் நீங்களும் ஒரு தடவை செக் பண்ணி டர்னைப் பாருங்கள். ஒருவர் மட்டும் சின்னதாக வைத்தால் ஒரு கால் போதும். ஒருவர் வைத்து மற்றவர் கால் பண்ணினால் பேக். 9-6-2-இலேகூட, அதுவரை கால் மட்டுமே பண்ணிவந்தவர் திடீரென்று ரெய்ஸ் வைத்தால் அது பெரும்பாலும் இரண்டு ஜோடி அல்லது செட். அங்கே 10-ஐக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கக்கூடாது. மாறாக உங்களுக்கே செட் அமைந்தால் மறைத்து ஆடவேண்டாம். ஒரே சின்னத்தில் நாலு கார்டு வைத்திருப்பவருக்கு ரிவருக்குள் ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) சேர 35 சதவீத வாய்ப்பு. அதற்கான விலையை ஃபிளாப்பிலேயே வாங்கிவிடுங்கள்.

முன்னால் இருப்பவரே 50 என்று ரெய்ஸ் வைத்து இருவர் கால் பண்ணியிருந்தால் கணக்கு வேறு. எல்லாக் கைக்கும் லிம்ப் செய்கிறவர் ரெய்ஸ் வைத்தால் ராணி, ராஜா, ஏஸ் ஜோடி அல்லது ஏஸ்-ராஜா என்றே வையுங்கள். 10 இருந்தாலும் மறு ரெய்ஸ் வேண்டாம், கால் மட்டும். அதுவும் உங்கள் ஸ்டாக், அவர் ஸ்டாக் இரண்டில் சின்னது 50-ஐப்போல் 15, 20 மடங்கு இருந்தால்தான். 1000 இருந்தால் சரி. அவரிடம் 400-தான் மிச்சம் என்றால் எட்டு மடங்கு; எட்டரைக்கு ஒன்று வரும் செட்டை நம்பி அதில் இறங்கக்கூடாது.