கால்வேயில் எந்த நாளுக்கு எந்த மேசை?

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கால்வே சின்ன நகரம்தான். 2022 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 80 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. நகர மையமான ஐர் சதுக்கத்தில் கிளம்பி, ஆற்றோரத்தில் இருக்கும் பழைய கல் வளைவான ஸ்பானிஷ் ஆர்ச் வரை நடக்கப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். இவ்வளவு சின்ன இடத்தில் சமையல் மோசமான கடை நெடுநாள் தாக்குப்பிடிக்காது. ஆகவே இங்கே ஒரு மாலை கெட்டுப்போனால், பெரும்பாலும் சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. தவறான நேரம், தவறான மேசை, தவறான ஆள் எண்ணிக்கை, இவைதான் காரணமாக இருக்கும்.

திருமண நாளுக்கு இருவர் மட்டும் போவதாக வைத்துக்கொள்வோம். உடனே பேச்சில் வருவது அனியர் உணவகம். கொரிப் ஆற்றைக் கடந்தால் டொமினிக் தெருவில் இருக்கிறது. 2011-இல் சமையற்கலைஞர் ஜே.பி. மக்மஹன் தொடங்கியது, மறு ஆண்டே சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது. பெயருக்கு ஐரிஷ் மொழியில் ‘மேற்கிலிருந்து’ என்று பொருள். கடற்பாசி, காட்டுக் கீரைகள், இந்தக் கரையோரத்து மீன் என்று சமையலும் அந்தப் பெயருக்கு உண்மையாக இருக்கிறது. ஆனால் பட்டியலைப் பார்த்து வேண்டியதை எடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. சமையலறை தீர்மானித்த வரிசையில் சின்னச் சின்னத் தட்டுகளாக வந்துகொண்டே இருக்கும். மூன்று மணி நேரத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் போக வேண்டும். ஒவ்வாமையோ சைவமோ இருந்தால் மேசை பதியும்போதே சொல்லிவிட வேண்டும். போய் உட்கார்ந்தபின் சொன்னால் மாற்ற வழியிருக்காது.

ஆர்ட் பியா இதற்கு நேர் எதிர். ஸ்பானிஷ் ஆர்ச்சை ஒட்டி, ஆற்றோரத்தில் பழைய கல் கட்டடம். ஒரு தட்டு போதுமென்றால் ஒன்றே வாங்கலாம். இனிப்பை மட்டும் பகிர்ந்துகொண்டு நெடுநேரம் பேசலாம். அனியரில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒருவர் வந்து விளக்கம் சொல்வார். சமையலை ரசிப்பவர்களுக்கு அதுவே விருந்து. ஆனால் மனம்விட்டுப் பேசவோ, ‘கல்யாணம் செய்துகொள்ளலாமா’ என்று கேட்கவோ வந்தவர்களுக்கு அந்தக் குறுக்கீடு தொல்லை. அப்படிப்பட்ட மாலைக்கு ஆர்ட் பியாதான் சரி.

குழந்தைகளோடு சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டுமென்றால் கீ தெருவில் மக்டோனாஸ். 1902 முதல் இருக்கும் கடை. ஒரு பக்கம் பணம் கட்டித் தட்டை நாமே எடுத்துவரும் மீன்-சிப்ஸ் கவுண்டர். மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிடும் கடலுணவகம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவுண்டர் பக்கமே போதும். காட், ஹாடக் என்ற இரண்டு மீன்களும் தடித்த வெள்ளைத் துண்டுகள், அவர்களுக்கு எளிது. அயர்லாந்தில் எந்த மீன்-சிப்ஸ் கடையிலும் பட்டியலில் ‘ரே’ என்று பார்த்தால், அது நம்ம ஊர்த் திருக்கை. பார்சல் வாங்கினால் பெட்டி மூடியைத் திறந்தே வையுங்கள். மூடினால் உள்ளே ஆவி தங்கி, மொறுமொறு மேல்மாவு பத்து நிமிடத்தில் ஊறிப்போகும். ஸ்பானிஷ் ஆர்ச் புல்வெளியில் உட்கார்ந்தால் கடற்காகங்கள் கையிலிருந்தே பறிக்கும். சுவரை முதுகுக்கு வைத்து உட்காருவது நல்லது.

பப்பிலும் குழந்தைகளுக்குச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் சட்டப்படி அவர்கள் இரவு 9 மணிக்குள், மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்குள், வெளியேற வேண்டும். எட்டரைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு இனிப்பு வருவதற்குள் எழுந்து போகும் குடும்பங்கள் உண்டு.

பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் போட்டி ஓட்டல் கார்வரிக்கும் (கவுண்டரில் இறைச்சியை வெட்டித் தரும் சாப்பாடு) தபாஸ் கடைக்கும் (ஸ்பானிய பாணியில் பகிர்ந்து சாப்பிடும் சின்னத் தட்டுகள்). மிடில் தெருவில் இருக்கும் காவா போடெகா நல்ல தபாஸ் கடை. ஆனால் தபாஸில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தட்டில் நாலு கிரோகெட் (பொரித்த உருண்டை) இருந்தால் ஏழு பேருக்கு எப்படிப் பங்கு வைப்பது? தட்டுகள் தயாராகும் வரிசையில் வருவதால் மேசையின் ஒரு கோடி சாப்பிட்டு முடிக்கும், மறுகோடி காத்திருக்கும். நாலு பேருக்கு ஒரு குழு என்று பிரித்துக்கொண்டு, தலைக்கு இரண்டு தட்டு முதலில் சொல்லி, பிறகு மூன்றாவதைச் சேர்த்தால் சிக்கல் வராது. ஆறு பேருக்கு மேல் இருந்தால் பல கடைகள் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடும். பார்க்காமல் இன்னொரு 10 சதவீதம் வைத்துவிடாதீர்கள். 2022 டிசம்பர் முதல் அந்தச் சேவைக் கட்டணமும், கார்டில் கொடுக்கும் டிப்ஸும் ஊழியர்களுக்கே சேர வேண்டும் என்பது சட்டம்.

தாத்தா பாட்டி, சாப்பாட்டில் அடம்பிடிக்கும் பிள்ளைகள் எல்லாரும் இருந்தால் ஞாயிறு கார்வரியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கவுண்டரில் கண்ணெதிரே இறைச்சியை வெட்டி, இரண்டு வகை உருளைக்கிழங்கும் கிரேவியும் சேர்த்துத் தருவார்கள். ஒரு மணிக்குள் போய்விட வேண்டும். இரண்டரைக்குப் போனால் விளக்குச் சூட்டில் காய்ந்த மாட்டிறைச்சியும் குழைந்த கேரட்டும்தான் மிச்சம். மே மாதச் சனிக்கிழமைகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல் நற்கருணை விருந்துகள் நடக்கும் என்பதால் பெரிய மேசை கிடைப்பது கடினம்.

சிப்பிக்காக வந்தவர்கள் நகருக்குள் சாப்பிடுவதா, கில்கால்கன் என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் மோரன்ஸ் உணவகத்துக்குப் போவதா? மோரன்ஸ் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தெற்கே, ஓலைக் கூரை வேய்ந்த பழைய வீடு. சிப்பிப் படுகைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை போனால் தட்டையான, வட்டமான உள்ளூர்ச் சிப்பி கிடைக்கும். வாயில் போட்டதும் உப்பு, பிறகு செம்பு தொட்டதுபோல ஓர் உலோகச் சுவை நாக்கில் தங்கும். கோடையில் கிடைப்பது நீண்ட ஓட்டுப் பசிபிக் வகை. நல்லதுதான், ஆனால் அந்தச் சுவை அதில் இல்லை. ஆகையால் குளிர்காலம் என்றால் மோரன்ஸ், கோடை என்றால் நகரமே போதும். சிப்பியோடு கருப்பு பீரும் குடிப்பதாக இருந்தால் காரை விட்டுவிட்டு டாக்சியில் போங்கள்.

ஜூலை கடைசித் திங்களன்று பாலிபிரிட்டில் தொடங்கும் குதிரைப் பந்தய வாரம், அதற்கு முந்தைய கலைவிழா, செப்டம்பர் சிப்பித் திருவிழா, டிசம்பர் அலுவலக விருந்துகள், பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாட்கள்: இந்தச் சமயங்களில் வாரக்கணக்கில் முன்பே மேசை பதிய வேண்டும். மற்ற நாட்களில் ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் பல கடைகளில் ‘ஏர்லி பேர்ட்’ விலை உண்டு. அதே சமையலறை, அதே சமையற்காரர், குறைந்த காசு. ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் எழ வேண்டியிருக்கும். நாடகத்துக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. பழைய நண்பர்கள் கூடும் இரவுக்கு ஆகாது.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பட்டியலில் உணவின் அருகே 1 முதல் 14 வரை எண்கள் இருந்தால் அவை ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பவை. மாட்டுக் கொழுப்போ கோழிச் சாறோ அதில் வராது. காய்கறி சூப்பின் அடிச்சாறு எது, சிப்ஸ் எந்தக் கொழுப்பில் பொரிகிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கோதுமை ஒவ்வாதவர்கள் மூன்றாவதாக, சிப்ஸுக்குத் தனி எண்ணெய்ச் சட்டி உண்டா என்றும் கேட்க வேண்டும். மீனின் மேல்மாவு பொரிந்த அதே எண்ணெயில் போட்டால் உருளைக்கிழங்கிலும் கோதுமை ஒட்டிவிடும்.