வாவியில் படகுவீடு கட்ட முன்பணம் கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு வாவியில் பிள்ளைகளோடு இரண்டு நாள் தங்கிவர ஒரு சின்னப் படகுவீடு வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அமெரிக்காவில் இதை ஷாண்டிபோட் என்பார்கள். தட்டையான அடி, அதன்மேல் ஒரு குடில், அவ்வளவுதான். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகளில் வீடிழந்த குடும்பங்கள் பல இப்படித்தான் குடியிருந்தன. படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, போன வருடம் மாசியில், கட்டித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் 4 இலட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அவருடைய பெயரை இங்கே போடவில்லை. அவர் செய்ததை வேறு ஆளும் செய்யலாம், அதனால் செய்ததைச் சொல்கிறேன்.

அவர் காட்டிய வரைபடத்தில் நீளம் 16 அடி, அகலம் 8 அடி. நல்ல வரைபடம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டிக் கொண்டுவந்து இறக்கியது 6 அடி அகலத்தில். கேட்டதற்கு, "லொறியில ஏத்த வசதி தம்பி, ரெண்டடியில என்ன வரப்போகுது?" என்றார். குடிலின் உயரம் மட்டும் ஒரு அங்குலமும் குறையவில்லை. கூரையில் ஏறி இருக்க ஏணி வேறு.

என் மாமா சின்ன வயதிலிருந்து வாவியில் தோணி விட்டவர். கரையில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு, "மருமகன், இதுக்கு இடுப்பு காணாதே" என்றார். புதுப் படகு வந்த சந்தோசத்தில் அதை நான் காதில் வாங்கவில்லை.

அந்த இரண்டடி என்ன செய்யும் என்று பிறகுதான் கணக்குப் பார்த்தேன். தட்டை அடிப் படகு சாயாமல் நிற்கும் பலம் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. 8ஐ மூன்று தடவை பெருக்கினால் 512, 6ஐப் பெருக்கினால் 216. அகலத்தில் கால்வாசியை வெட்டியதில் பலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. சுமை தாங்குவதும் கால்வாசி குறைந்தது. 8 அடி அகலமென்றால் படகு ஒரு அங்குலம் அமிழ சுமார் 300 கிலோ ஏற வேண்டும், 6 அடிக்கு 225 கிலோவே காணும். லொறிக் கதை பொய் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பிளைவூட் பலகை 8க்கு 4 அடி. படகின் அடித்தட்டுக்கு 4 பலகை போக வேண்டிய இடத்தில் அவர் 3 பலகையோடு முடித்திருக்கிறார்.

ஆனி மாதம் ஒரு பின்னேரம், மண்டூர்க் கரையோரமாக வடக்கே வந்துகொண்டிருந்தோம். மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. உயரமான குடில் காற்றை அப்படியே வாங்கியது. எஞ்சினை முழு வேகத்தில் வைத்தும் முகப்பு திரும்பவில்லை, படகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனது. வரைபடத்தில் அடியில் நீளவாக்காக இரண்டு கட்டைகள் இருந்தன. வழுக்காமல் பிடிப்பது அவைதான், அவற்றையும் அவர் போடவில்லை. பயத்தில் மகன் ஒரு பக்கமாக ஓடிவர, வாசற்படியால் தண்ணீர் உள்ளே வந்தது. கடைசியில் எழுவான்கரையில், அதாவது வாவியின் கிழக்குக் கரையில், கண்ணா மரப் பற்றைக்குள் போய்ச் செருகி நின்றோம். அந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான். ஆழமாக இருந்திருந்தால் என்று நினைக்க இன்றைக்கும் கை நடுங்குகிறது.

ஐப்பசி மழையோடு மற்றது தெரிந்தது. கதவடியில் பெயின்ற் கொப்புளம் போல எழும்பியிருந்தது. பெருவிரலால் அமத்தினேன், நகம் வரைக்கும் உள்ளே போனது. இழுக்க இழுக்க வாழைமடல் போலப் படை படையாக உரிந்தது. வெட்டிய ஓரங்களில் தண்ணீர் புகாமல் எபொக்சிப் பசை பூசியிருக்க வேண்டும், வெறும் பெயின்ற்தான் அடித்திருந்தார். மிஞ்சிய துண்டொன்றை மனைவி சட்டியில் போட்டு அவித்துப் பார்த்தா. ஒரு மணித்தியாலத்தில் படைகள் பிரிந்து வாய் திறந்தன. படகுக்கென்றே செய்த உண்மையான மரைன் பிளைவூட் பல மணித்தியாலம் கொதித்தாலும் பிரியக்கூடாது. பில்லில் 'மரைன் பிளைவூட்' என்றுதான் எழுதிக் கிடக்கிறது.

கட்டக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து பலகை ஏறும் முன்பே போய் ஒரு துண்டு வாங்கி அவித்துப் பாருங்கள். அடி ஒட்டிய அன்றைக்கே அளவு நாடாவோடு போங்கள். காசை வேலை முடிய முடியக் கொடுங்கள். அவர் முன்பு கட்டிய படகைத் தண்ணீரில் காட்டச் சொல்லி, நாலு பேர் ஒரே பக்கத்தில் ஏறி நின்று பாருங்கள். அமெரிக்க ஷாண்டிபோட்டுகள் பெரும்பாலும் ஆற்றோட்டத்தோடு மிதந்து போனவை. நம்முடைய வாவியில் கோடை முழுக்கக் காற்றுத்தான், குடிலை உயரம் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

காசு திரும்பி வரவில்லை, அவர் இப்போது போனும் எடுப்பதில்லை. ஆனால் போன கிழமை களுவாஞ்சிகுடிப் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு அவர் தன் வேலையின் மாதிரி என்று ஒரு படம் அனுப்பியிருக்கிறார். குருமண்வெளித் துறையில் நீலக் கூரையோடு ஒரு படகு, வாசலில் இரண்டு பிள்ளைகள் கையசைக்கிறார்கள். அந்தப் படம் உங்களுக்கும் வந்தால், அது எங்கள் படகு, என் பிள்ளைகள். தண்ணீரில் இறக்கிய அன்று காலையில், காற்றே இல்லாத நேரத்தில் எடுத்தது.