ஆளை மாற்றுவதா, ஆட்டத்தை மாற்றுவதா: ஆர்டெட்டாவும் எமரியும்

தடுமாறும் கால்பந்து அணியை ஏற்கும் புதிய மேலாளருக்கு (தலைமைப் பயிற்சியாளருக்கு) இரண்டு வழிகள் உண்டு என்பதை இங்கிலாந்து அணிகளான மிக்கேல் ஆர்டெட்டாவின் ஆர்சனலும் உனாய் எமரியின் ஆஸ்டன் வில்லாவும் காட்டுகின்றன. 2019 டிசம்பரில் பொறுப்பேற்ற ஆர்டெட்டா ஆட்களையே மாற்றினார். நட்சத்திர வீரர் மெசுட் ஓசிலை அணிப் பட்டியலிலிருந்தே நீக்கி, 2021 கோடையில் ஒடகார்ட், பென் வைட், ராம்ஸ்டேல் உள்ளிட்ட இளம் வீரர்களை வாங்கி, பின்னர் கோல்களுக்கு நம்பியிருந்த ஆபமெயாங்கின் தலைமைப் பதவியையும் ஒழுங்குமீறலுக்காகப் பறித்தார். இடையில் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை ஒருமுறை கிடைத்தாலும், அந்நாட்டின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் தொடர்ந்து இரு முறை எட்டாம் இடமே வாய்த்தது. நிர்வாகம் பொறுத்திராவிட்டால் 2022-23இன் இரண்டாம் இடத்தைக் காண அவர் அங்கே இருந்திருக்கமாட்டார்.

எமரியோ (ஆர்டெட்டாவுக்கு முன் ஆர்சனலில் பதவியிழந்தவர் இவரே) 2022 நவம்பரில் வில்லாவுக்கு வந்தபோது அணி பட்டியலின் அடிப்பகுதியில் தவித்தது. வீரர்களை வாங்கும் ஜனவரிச் சந்தையில் பெரிதாகச் செலவிடாமல், இருந்த வீரர்களைக் கொண்டே, தற்காப்பு வரிசையை முன்னே நகர்த்தி எதிரணியினரை ஆஃப்சைடில் (பந்து அனுப்பப்படும் நொடியில் தற்காப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறில்) சிக்கவைக்கவும், கோல்கீப்பரிடமிருந்தே பந்தைப் பொறுமையாகக் கடத்தி எதிரணியை முன்னே இழுக்கவும் பயிற்சியளித்தார். அந்தப் பருவத்தையே ஏழாம் இடத்தில் முடித்த வில்லா, அடுத்த பருவத்தில் நான்காம் இடம் பிடித்து, ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் நுழைந்தது.

பருவத்தின் நடுவில் வருபவருக்கு எமரியின் வழியே பொருந்தும் என்பேன். ஆனால் அணிக்குள் ஒழுக்கமே குலைந்திருந்தால், எந்த ஆட்ட உத்தியும் ஆர்டெட்டா செய்த களையெடுப்புக்கு ஈடாகாது.